அக்கா சொன்ன எட்டு

ஒரு நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பதன் விலை, மீட்டருக்கு நாலு ரூபாய். இதற்கெல்லாம் விலை போட முடியுமா என்று கேட்பவர்கள் துணி வியாபாரம் செய்து பார்க்காதவர்கள். நாங்கள் போட்டுப் பார்த்திருக்கிறோம். ஆறு வருஷமாகக் கட்டியும் வந்தோம்.

எங்களுடையது மொத்தத் துணிக்கடை. அக்கா வாங்குவாள், நான் விற்பேன். பருவத்துக்கு ஒருமுறை ஆலை ஏஜெண்ட் வந்து எதிரில் உட்காருவார். ஆயிரக்கணக்கான மீட்டருக்கு அன்று ஒரே நாளில் விலை முடிவாகும். அந்த ஏஜெண்டுக்குச் சந்தையில் 'ஆற அமர' என்று பெயர். வந்ததும் செருப்பைக் கழற்றுவார், கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போடுவார், பிறகு தன் சம்பந்தி வீட்டுக் கதையில் ஆரம்பிப்பார். எதிரில் இருப்பவருக்குப் பொறுமை போகும் வரை விலையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அவரை உட்கார்ந்தே ஜெயித்த ஒரே ஆள் என் அக்காதான். காலையில் உட்கார்ந்தால் விளக்குப் போடும் வரை அசைய மாட்டாள். கடைசியில் ஏஜெண்ட் தானாகச் செருப்பைத் தேடுவார்.

அப்படிப்பட்டவளுக்கு இடுப்பில் டிஸ்க் போயிற்று. நடந்தால் தாங்கும், படுத்தால் தாங்கும், உட்கார்ந்தால் மட்டும் ஆகாது. அரை மணி போனால் முதுகின் அடியில் யாரோ திருகாணியை வைத்துத் திருகுவதுபோல் இருக்குமாம். இதுவும் அவள் தூக்கத்தில் முனகியதைக் கேட்டு அவள் வீட்டுக்காரரான மாமா எனக்குச் சொன்னது. அக்கா யாரிடமும் வலி என்று சொன்னதில்லை. ஏஜெண்ட் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். அதற்குப் பிறகு அவருடைய சம்பந்தி வீட்டில் ஆள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. அக்கா முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். திருகாணி உள்ளே திரும்பத் திரும்ப, திடீரென்று "சரி, போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்வாள். பக்கத்துக் கடைக்காரனைவிட மீட்டருக்கு நாலு அதிகம். நாற்காலிக்கு நாங்கள் கொடுத்த வாடகை அது.

பார்க்காத வைத்தியம் இல்லை. மாத்திரை, பெல்ட், ஊசி, குப்புறப் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சி எல்லாம் ஆயிற்று. ஒரு பெரிய டாக்டர், முதுகைத் திறந்து இரண்டு எலும்பையும் ஆணி போட்டுச் சேர்த்துவிடலாம் என்றார். அக்கா அந்த அறையிலிருந்து வெளியே வந்த வேகத்தைப் பார்த்தால் முதுகில் கோளாறு என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அடுத்த பருவம் நெருங்கியபோது ஒருநாள் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னாள்: "இந்தத் தடவையும் இப்படித்தான்னா, வாங்கற நாற்காலிய நீயே எடுத்துக்க."

நானா? என் முகத்தில் விலை எழுதி ஒட்டியிருக்கும். ஏஜெண்ட் முதல் தேநீரிலேயே என்னைக் குடித்து முடித்துவிடுவார். கடை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். அக்காவுக்கு அந்த நாற்காலியை விடுவதும் உயிரை விடுவதும் பக்கத்துப் பக்கத்துக் கடை.

அப்போதுதான் அந்த டாக்டரைப் பற்றி மாமா எங்கிருந்தோ விசாரித்துக்கொண்டு வந்தார். மூவருமாகப் போனோம். நடுத்தர வயதுப் பெண், ஒடிசலான உடம்பு, அறையில் அலங்காரம் என்று பார்த்தால் ஒரு முதுகெலும்பு பொம்மை. எங்களைப் பார்த்ததும் முதலில் செய்த காரியம், அக்காவுக்கு நாற்காலியைக் காட்டாமல், "நின்னுக்கிட்டே பேசலாமா?" என்று தானும் எழுந்து நின்றதுதான். அந்த ஒரு காரியத்திலேயே எனக்கு அவர்மேல் மதிப்பு வந்துவிட்டது. வாடிக்கையாளரின் தேவை தெரிந்த கடைக்காரர்.

பொம்மையைக் கையில் எடுத்து விளக்கினார். "ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கற மெத்தைதான் டிஸ்க். உங்களுக்கு அதோட சுவர்ல கீறல் விழுந்திருக்கு. கீறல் வழியா நரம்பு உள்ள நுழைஞ்சிடுது. உக்காரும்போது மெத்தை அமுங்கும், அந்த நரம்பு கத்தும். நான் முதுகைத் திறக்கப் போறதில்ல. ஒரு ஊசி வழியா மெல்லிசா ஒரு கம்பிய உள்ள அனுப்பி, அந்தச் சுவரைச் சுத்தி வளைச்சு நிறுத்தி, கம்பிய மெதுவா சூடாக்குவேன். சூட்டுல சுவர் கொஞ்சம் இறுகும், நரம்பு அடங்கும். அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஆலையில் நெய்து வந்த துணியின் மேல் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தீ நாக்கின் மேல் ஓட விடுவார்கள். பிசிறு பொசுங்கும், துணிக்கு ஒன்றும் ஆகாது. கொஞ்சம் வேகம் குறைந்தால் துணியே போய்விடும். கண் அகலாமல் செய்ய வேண்டிய வேலை. அதை இந்த அம்மாள் உயிரோடு இருக்கும் ஆளின் முதுகுக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்கிறேன் என்கிறார்.

அக்கா கேட்டாள்: "கேரண்டி உண்டா?"

"கிடையாது. எல்லாருக்கும் கேக்காது. பத்துப் பேருக்குச் செஞ்சா, என் கையில அஞ்சாறு பேருக்கு நல்லாக் குறைஞ்சிருக்கு. அதுவும் முழுசாப் போகாது."

"அஞ்சாறுன்னா? ஏழாப் போட்டுக் குடுங்க, முடிச்சுக்கலாம்."

டாக்டர் சிரித்தார். ஆனால் ஏழு ஆக்கவில்லை. கட்டணத்திலும் அப்படித்தான், அக்கா மூன்று தடவை கிளம்பிப் போவதுபோல் போய்ப் பார்த்தாள், மூன்று தடவையும் டாக்டர் பணிவாகக் கதவைத் திறந்துவிட்டார். வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "விலையும் இறக்கல, சரக்கையும் ஏத்திச் சொல்லல. இவகிட்ட வாங்கலாம்."

எங்கள் வீட்டில் ஒருவரைப் பற்றி இதைவிட உயர்வாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

நாங்கள் கிளம்பும் முன் டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். நாங்கள்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்கேனில் மூன்று டிஸ்க் கறுத்திருக்கிறது. அதில் வலிக்கிறவன் யார் என்று ஸ்கேனுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக ஊசி வழியே அழுத்திப் பார்ப்பேன், நீங்கள் முழிப்போடு படுத்துக்கொண்டு, வலி எவ்வளவு என்று பத்துக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். அது உங்கள் பழைய வலியா புது வலியா என்றும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் உங்கள் வேலை, என்றார்.

அவ்வளவுதான் வேலை! எங்கள் குடும்பத்து ஆளிடம் போய் உள்ளதை உள்ளபடி ஒரு எண் சொல்லச் சொல்கிறார். நாங்கள் வளர்ந்த வீட்டில், "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?" என்று கேட்டால், "எவ்வளவு வைப்பே?" என்றுதான் பதில் வரும். முதல் எண்ணை நாம் சொல்லக் கூடாது. சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், மனசில் இருப்பதைச் சொல்லக் கூடாது. பிடித்த துணியைக் கையில் எடுத்தால் கொட்டாவி விட வேண்டும்.

அந்த நாளும் வந்தது. மாமாவை வெளி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருவர் நிற்கலாம் என்றார்கள், நான் நின்றேன். அக்கா மேஜைமேல் குப்புறக் கிடந்தாள். அவளுக்கு மேலே எக்ஸ்ரே கருவி வில் மாதிரி வளைந்து நின்றது. ஈயக் கவசம் போட்ட டாக்டர் திரையைப் பார்த்தபடி மூன்று ஊசிகளை இறக்கினார். நான் அவர் கையையே பார்த்தேன். அதில் ஒரு ஊசி போகும் வழியில் எலும்பின் ஓரம் தட்டுப்பட்டது. அவசரப்படாமல் வெளியே இழுத்து, ஒரு இழை சாய்த்து, மறுபடி விட்டார். நாங்கள் அளவுகோல் பிடிக்கும்போதுகூட அத்தனை நிதானம் பார்த்ததில்லை. ஒலிபெருக்கியில் பேச்சு கேட்டது.

"முதல்ல ஒண்ணு அமுத்தறேன். எவ்வளவு?"

"ரெண்டு," என்றாள் அக்கா.

"அடுத்தது?"

அக்காவின் இரண்டு கால் விரல்களும் ஆணியடித்த மாதிரி மடங்கிக்கொண்டன. குரல் மட்டும் சந்தையில் விலை கேட்பதுபோல் அலட்சியமாக இருந்தது. "ம்… ஒண்ணரை."

"மூணாவது?"

"ரெண்டு போட்டுக்கங்க."

டாக்டர் கையை எடுத்தார். "மூணு டிஸ்க்குமே பேசலீங்க. எனக்குச் சூடு வைக்க இடமில்ல. ஊசிய எடுத்துடறேன்."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எட்டு, ஒன்பது என்று சொன்னால், கேஸ் முற்றிவிட்டது, ஆணிதான் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிடுவார் என்று அக்கா கணக்குப் போட்டிருக்கிறாள். கம்மியாகச் சொன்னால் கம்மியில் முடியும். இருபத்தைந்து வருஷம் சோறு போட்ட புத்தி, மேஜைமேல் குப்புறப் போட்டாலும் விடவில்லை. நான் கண்ணாடியைத் தட்டி, "அக்கா! அவங்க விக்க வரலக்கா!" என்று கத்தினேன்.

டாக்டர் திரும்பிப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். பிறகு அக்காவின் தலைப்பக்கம் போய், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக் குனிந்து உட்கார்ந்தார்.

"நடு ஊசியில உங்க கால் மடங்கினதை நானும் பார்த்தேம்மா. ஆனா காலோட சாட்சிய வெச்சு நான் சூடு வைக்க மாட்டேன்."

"ஏன், கால் என்ன பொய்யா சொல்லும்?"

"சொல்லாது. ஆனா கம்பி தொண்ணூறு டிகிரி வரைக்கும் போகும். பக்கத்துலயே காலுக்குப் போற நரம்பு இருக்கு. சூடு அங்க பரவுதான்னு காட்ட எந்த மெஷினும் என்கிட்ட இல்ல. உங்க வாய் ஒண்ணுதான் இருக்கு. எட்டு வலிக்கு ஒண்ணரைன்னு சொல்ற வாய நம்பி நான் எப்படி நெருப்பு வைக்கறது?"

"சரி, அப்ப எட்டு," என்றாள் அக்கா.

"இப்ப சொல்றது செல்லாது. எனக்கு எது வேணும்னு தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றீங்க."

"ஏழுன்னு வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கறதுக்கு இது என்ன துணியா?" என்றார் டாக்டர். கோபம் இல்லை, ஆனால் இடமும் கொடுக்கவில்லை. "எனக்கு எந்த எண்ணும் வேணாம். பெரிசா வந்தா எனக்கு லாபம், சின்னதா வந்தா நஷ்டம்னு எதுவும் இல்ல. இன்னொரு தடவை பார்ப்பேன். எந்த ஊசிய தொடறேன்னு சொல்ல மாட்டேன். அமுத்தறேன்னும் சொல்ல மாட்டேன், சும்மாவும் இருப்பேன். அப்பவும் உங்க பேச்சு ஒத்துப்போனா மேல போலாம். இல்லேன்னா வீட்டுக்குப் போயிட்டு வாங்க. நம்ம நட்புல ஒரு குறையும் இல்ல."

"சரக்கை மூடி வெச்சுக்கிட்டு விலை கேக்கறீங்க."

"ஆமா."

"நான் இதுவரைக்கும் யாருக்கும் அப்படி விலை சொன்னதில்ல."

"தெரியுது," என்றார் டாக்டர். எழுந்து தன் இடத்துக்குப் போனார்.

எதிராளியின் முகத்தைப் பார்த்து எண் சொல்லிப் பழகியவள் அக்கா. இப்போது முகம் கிடையாது. மேஜையின் ஓட்டை வழியாகத் தரைதான் தெரியும். தப்பாகச் சொன்னால் நாற்காலி போயிற்று. எது தப்பு என்றும் தெரியாது. அவள் வாழ்க்கையில் கையில் ஒரு துருப்பும் இல்லாமல் ஒரு பேரத்தில் இருந்தது அன்றுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா சொன்னாள்: "ஒண்ணுமில்ல. நீங்க அமுத்தவே இல்ல."

டாக்டருடைய கை நிஜமாகவே சும்மாதான் இருந்தது. நான் பார்த்தேன்.

அடுத்தது. "இப்ப அமுத்தறீங்க. கனமா இருக்கு. மூணு இருக்கும். ஆனா இது யாரோ. எனக்குப் பழக்கமில்ல."

மறுபடி சும்மா. "இப்பவும் ஏமாத்தறீங்க."

பக்கத்தில் நின்ற நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. அவர் கை நடு ஊசிக்குப் போயிற்று.

அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். பழைய புத்தி குறுக்கே வந்து நின்று மறிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னாள்.

"இவதான். ஆறு வருஷமா என்கூடக் குடித்தனம் பண்றவ இவதான்."

"எவ்வளவு?"

"எட்டு." பிறகு, "எட்டுதான் டாக்டரம்மா. ஏத்திச் சொல்லல."

"தெரியும்," என்றார் டாக்டர். "ஏத்தறவங்க பத்து சொல்வாங்க."

பிறகு நடந்ததை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் அலுக்காது. வெறும் கம்பி, நூல் கனம். ஊசிக்குள் போய், திரையில் வளைந்து, டிஸ்க்கின் உள்சுவரைக் கொக்கி மாதிரி சுற்றிக்கொண்டது. நேராகப் போகிற கம்பியை அத்தனை ஆழத்தில், வெளியே இரண்டு விரலால் உருட்டி உருட்டியே திருப்புகிறார்! பெட்டியில் சூட்டின் எண் ஒவ்வொன்றாக ஏறியது. அக்கா மேஜைமேல் கிடந்தபடி ஏலம் விடுவதுபோல் வலியின் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தாள். "நாலு… அஞ்சு. அவதான், சத்தம் போடறா… ஆறு."

"காலுக்கு ஏதாவது?"

"இல்ல… இருங்க! இடது தொடையில ஒரு பொறி பறந்துது."

சொல்லி முடிப்பதற்குள் சூட்டை நிறுத்திவிட்டார். படம் எடுத்தார், கம்பியை ஒரு மயிரிழை இழுத்தார், மறுபடி படம் எடுத்தார். அக்கா அதை மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது நினைக்கவே இல்லை நான். பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்து நினைத்து வேர்த்தேன். மறுபடி சூடு ஏறியது. ஏழு வரை போன அக்கா, ஒரு கட்டத்தில் பேச்சை நிறுத்தினாள்.

"என்னாச்சு?"

"குறையுதுங்க," என்றாள், நம்பாத குரலில். "அஞ்சுதான் இருக்கும். அவ சத்தம் தூரமாக் கேக்குது."

வெளியே வந்து மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஊசி, கம்பி, சூடு எதையும் கேட்கவில்லை. "கடைசியில உண்மை விலையச் சொன்னாளா? என்கிட்டகூடச் சொன்னதில்லையே!" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது வியாபாரப் பேச்சு. முதல் சில வாரம் முன்னைவிட மோசம். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, படுத்தும் நடந்துமாகக் கடையை நடத்தினாள். கணக்குப் பிள்ளை சந்தேகம் கேட்க அவள் பின்னாலேயே நடப்பார். டாக்டர் வாரம் ஒருமுறை தானாகப் போன் செய்வார். "எவ்வளவு?" என்பார். "ஆறு," என்பாள். அடுத்த முறை, "ஆறுதான், இறங்க மாட்டேங்குது." அதற்கடுத்த முறை, "அஞ்சு. இல்ல, அஞ்சரை, பொய் சொல்லக் கூடாதில்ல." போனுக்கு இந்தப் பக்கம் இருந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். நல்ல எண் வர வேண்டும் என்று எங்களுக்கு இருந்த அவசரம் டாக்டருக்கு இல்லை. எந்த எண்ணைச் சொன்னாலும் ஒரே குரலில், "சரிம்மா, நல்லாச் சொன்னீங்க," என்பார். ஒருநாள் காலை அக்கா நின்றபடி குடிக்கும் தேநீரை உட்கார்ந்து குடித்து முடித்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் விலை ஏறிவிடும் என்று பயம்.

பருவம் வந்தது. 'ஆற அமர' ஏஜெண்ட் வந்தார். செருப்பைக் கழற்றினார், கடிகாரத்தைப் பையில் போட்டார்.

"உடம்பு சுகமில்லன்னாங்களே அக்கா?" என்றார்.

"ஆமா ஏஜெண்டு. உக்காருங்க."

சம்பந்தி வீட்டில் இந்த முறை சொத்துத் தகராறு. மூத்தவன் பாகம், இளையவன் பாகம், வழியில் ஒரு கிணறு. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டாவது தேநீர் வந்தது. நான் கல்லாவிலிருந்து அவள் காலைப் பார்த்தேன். விரல்கள் விரிந்துதான் இருந்தன. கிணறு தூர்ந்து, கோர்ட்டுக்குப் போய், வக்கீல் மாறினார். மூன்றாவது தேநீருக்கு ஆள் அனுப்பினார் ஏஜெண்ட். விரல்கள் லேசாக மடங்கத் தொடங்கின. இதோ, இப்போது "சரி, போட்டுக்கங்க" என்று சொல்லப் போகிறாள்.

"ஏஜெண்டு," என்றாள் அக்கா. "எனக்கு இப்ப மூணு."

"மூணு என்னது?"

"இடுப்பு வலி. பத்துக்கு மூணு. நான் கொஞ்ச நேரம் நின்னுக்கறேன். நீங்க உக்காந்தே சொல்லுங்க, வக்கீல் அப்புறம் என்ன பண்ணாரு?"

நிதானமாக எழுந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒரு ஒளிவுமறைவும் இல்லை.

நான் ஏஜெண்டைப் பார்த்தேன். மனுஷன் வெளிறிப்போயிருந்தார். ஆறு வருஷமாக இந்த அம்மாள் வலியை மறைத்தாள், அவர் அதை வைத்துச் சம்பாதித்தார். இன்று அவளே வாயைத் திறந்து வலி என்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? வலியே இல்லை என்று அர்த்தம். வலி இல்லாதவள் எதற்கு எழுந்தாள்? வேறு ஆலைக்காரன் எங்கேயோ காத்திருக்கிறான், கிளம்பப் போகிறாள் என்று அர்த்தம். இத்தனையும் அவர் முகத்தில் வரிசையாக ஓடியதை நான் படித்தேன். சுத்தமான உண்மையை எதிரில் வைத்ததும் அதை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அக்கா, உக்காருங்க அக்கா," என்றார். "விலையப் பேசிடலாம்."

"அவசரமில்ல. வக்கீல்…"

"வக்கீல் கிடக்கான் விடுங்க!"

பக்கத்துக் கடை விலைக்கே வந்தார். லாரி வாடகையும் ஆலையே கொடுக்கும் என்று அவராகச் சொன்னார். அக்கா உட்காரவில்லை, நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். வாசல் வரை போன ஏஜெண்ட் திரும்பி வந்து கடிகாரத்தைத் தேடினார், பையில்தான் இருந்தது.

அவர் போனதும் நான் கேட்டேன்: "நிஜமாவே மூணாக்கா, இல்ல அவருக்காகச் சொன்னியா?"

"மூணுதான்டா. இனிமே இந்த விஷயத்துல மட்டும் எனக்கு வேற எண் வராது போல." நாற்காலியை இழுத்து, பார்த்து, மெதுவாக உட்கார்ந்தாள். பிறகு எங்கள் வழக்கப்படி நாள் கணக்கை வாயாலேயே ஒப்பித்தாள், நான் சரிபார்க்க:

"கொண்டு போனது எட்டு. டாக்டரம்மா எடுத்துக்கிட்டது அஞ்சு. கையில நிக்கறது மூணு. அவங்க கட்டணம், கேட்டது கேட்டபடி, முழுசாக் கட்டியாச்சு. அவங்களுக்கு நாம தர வேண்டியது…" என்று நிறுத்தினாள். எண் தேடினாள். கிடைக்கவில்லை. "அது பாக்கி. அப்படியே நிக்கட்டும்."